அமெரிக்காவை இணைக்கும் நம்பிக்கைகள்: ஒரு தொடக்க விளக்கம்

கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்நாட்டுக் குடிமக்களில் ஒருவரை மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று ஆண்டு போதும். நேர்காணலில் அலுவலர் எதிரே உட்கார்ந்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். 2008-இல் வந்த தேர்வுமுறையில், முன்கூட்டியே வெளியிடப்பட்ட 100 கேள்விகளிலிருந்து பத்து வரை கேட்பார்கள். ஆறுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 ஆகியிருக்கிறது. கேட்பது இருபது, தேறுவதற்குப் பன்னிரண்டு.

அந்தக் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று கவனியுங்கள். "சுதந்திரப் பிரகடனத்தில் சொல்லப்பட்ட உரிமைகளில் இரண்டு எவை?" "சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன?" "அரசமைப்பின் முதல் திருத்தம் தரும் உரிமை ஒன்றைச் சொல்லுங்கள்." ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரிகிறதா என்று தனியாகச் சோதிப்பார்கள். ஆனால் உங்கள் பாட்டன் யார், எந்தக் கடவுளைக் கும்பிடுகிறீர்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ரத்த உறவும் மண்ணும் மதமும் தேசத்தைத் தீர்மானிக்கும் என்று பல நாடுகள் நம்பிய காலத்தில், சில கொள்கைகளை ஏற்றுக்கொண்டவர் எவரும் இந்த நாட்டவர் ஆகலாம் என்று அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

அதே நாட்டின் சட்டம் 1790 முதல் 1952 வரை குடியுரிமைக்கு நிறத்தையும் இனத்தையும் பார்த்தது. கொள்கை, விலக்கல் இரண்டும் அமெரிக்க அடையாளத்தின் உண்மையான பகுதிகள்தாம். ஒன்றை மட்டும் படித்தால் புகழ்பாடலாகவோ வசையாகவோ முடிந்துவிடும். இவை எப்படி மோதிக்கொண்டன, மோதியதில் என்ன மாறியது என்று பார்ப்பதே அமெரிக்காவைப் புரிந்துகொள்ளும் வழி. ஒவ்வோர் இலட்சியத்திடமும் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எழுதியபோது யார் வெளியே நின்றார்கள்? அவர்கள் எந்தக் கருவியைப் பிடித்து உள்ளே வந்தார்கள்? இன்று எங்கே பழுதாகிறது?

1776: ஒரு பத்தி

பதின்மூன்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி, 1776 ஜூலை 2 அன்று பிரிட்டனிடமிருந்து பிரிய வாக்களித்தார்கள். ஏன் பிரிகிறோம் என்று உலகுக்குச் சொல்லும் அறிக்கையின் வாசகத்தை ஜூலை 4 அன்று ஏற்றார்கள். அதுவே சுதந்திரப் பிரகடனம். கையெழுத்திட்டவர்கள் 56 பேர்; அவர்களில் பெரும்பாலோர் ஆகஸ்ட் 2 அன்றுதான் கையெழுத்திட்டார்கள். வரைவை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன்; ஜான் ஆடம்ஸும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் குழுவில் இருந்து திருத்தினார்கள்.

பிரகடனத்தின் பெரும்பகுதி மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீதான குற்றச்சாட்டுப் பட்டியல். இன்று அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நாட்டின் அடித்தளமாக நின்றுவிட்டது இரண்டாவது பத்தி. அதன் வாதம் படிப்படியாகப் போகும். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். பறிக்க முடியாத சில உரிமைகள் அவர்களுக்குப் பிறப்பிலேயே உண்டு. உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடிச் செல்லும் உரிமை ஆகியவை அவற்றில் சில. அந்த உரிமைகளைக் காப்பதற்காகவே அரசுகள் ஏற்படுத்தப்படுகின்றன. ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசுக்கு அதிகாரம் வருகிறது. அரசு இந்த நோக்கத்தையே அழிக்கத் தொடங்கினால், அதை மாற்றவோ நீக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு.

இந்த வரிசைதான் முக்கியம். உரிமை முதலில், அரசு பிறகு. மன்னர் கருணையோடு கொடுத்தது உரிமை என்ற பழைய எண்ணம் இங்கே தலைகீழாகிறது. அமெரிக்கர்கள் அரசாங்கத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதன் வேரை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். இன்னொன்று: மகிழ்ச்சிக்கு அங்கே உத்தரவாதம் எதுவும் இல்லை, அதைத் தேடிப் போக வழி விடுவதாக மட்டுமே வாக்கு.

அதை எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் பத்தி ஒன்று அவர் வரைவில் இருந்தது. பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அதை வெட்டியது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒப்பவில்லை என்று அவர் பிற்பாடு குறித்திருக்கிறார். பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று சொல்லும் வரி மட்டும் வெட்டுப்படாமல் இன்றும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

1787: கொள்கை இயந்திரமாகிறது

பிரகடனம் சட்டம் கிடையாது. அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் வழக்கு ஜெயிக்க முடியாது. சட்டம் என்பது 1787 மே முதல் செப்டம்பர் வரை அதே பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசமைப்பு. 55 பேர் கலந்துகொண்டு, செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள். 'மக்களாகிய நாங்கள்' என்று அது தொடங்கும்.

அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால் சுதந்திரம் போய்விடும் என்பதே அதன் அடிப்படைக் கவலை. ஆகவே சட்டம் இயற்ற காங்கிரஸ், நிறைவேற்ற அதிபர், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் என்று பிரித்தார்கள். ஒன்றை ஒன்று தடுக்கவும் வழி வைத்தார்கள். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் மறுக்கலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் காங்கிரஸ் அந்த மறுப்பைத் தாண்டலாம். கூட்டரசு நீதிபதிகளுக்கு ஓய்வு வயது இல்லை. மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள். வயோமிங்கில் ஆறு லட்சம் பேர்கூட இல்லை, கலிபோர்னியாவில் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர். செனட்டில் இருவருக்கும் ஒரே எடை. வேலை மெதுவாக நடப்பதைப் பார்த்து அமெரிக்க அரசு செயலிழந்துவிட்டது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. அந்த மெத்தனத்தில் பாதியாவது திட்டமிட்டு வைக்கப்பட்டது.

அடிமைமுறையோடு செய்துகொண்ட சமரசமும் அங்கேயே இருக்கிறது. 'அடிமை' என்ற சொல் மூல அரசமைப்பில் எங்கும் இல்லை. 'மற்ற நபர்கள்' என்று சுற்றிவளைத்து எழுதினார்கள். பிரதிநிதிகள் சபையில் இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாநிலத்தில் 1,00,000 அடிமைகள் இருந்தால் 60,000 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். கறுப்பரை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக மதித்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் நடந்தது புரியாது. முழு எண்ணிக்கையையும் சேர்க்கச் சொன்னவர்கள் அடிமை வைத்திருந்த மாநிலத்தவர்கள். சேர்ந்த ஒவ்வொரு தலைக்கும் கிடைத்த இடமும் அதிபர் தேர்தல் வாக்கும் அடிமைகளுக்குப் போகவில்லை, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கே போயின.

இந்த ஆவணத்தைத் திருத்த முடியும், ஆனால் மிகக் கடினம். காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது இன்றைய 50-இல் 38 ஒப்ப வேண்டும். 1791-இல் ஒரே தொகுப்பாக வந்த முதல் பத்துத் திருத்தங்களையும் சேர்த்து இதுவரை 27 மட்டுமே. ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்தை 1972-இல் காங்கிரஸ் நிறைவேற்றியது. நீட்டிக்கப்பட்ட கெடு 1982-இல் முடிந்தபோது 35 மாநிலங்கள்தான் கணக்கில் இருந்தன. மூன்று குறைவு.

சமத்துவம்: வெளியே நின்றவர்கள் பிடித்த பிடி

ஒரு கொள்கையை எழுதிவைத்துவிட்டால், எழுதியவர்கள் மனதில் இல்லாதவர்களும் அதைக் கையில் எடுத்து நியாயம் கேட்கலாம். அமெரிக்க வரலாற்றில் சமத்துவம் நகர்ந்த விதம் இதுதான்.

1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண் உரிமை மாநாடு கூடியது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் எழுதிய அறிக்கை 1776 பிரகடனத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து, 'எல்லா ஆண்களும் பெண்களும்' சமம் என்று திருத்தியது. மன்னர் மீதான குற்றச்சாட்டுகள் இருந்த இடத்தில் ஆண்கள் மீதான குற்றச்சாட்டுகள் ஏறின. 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கக் கூடாது என்ற 19-ஆவது திருத்தம் வந்தது 1920-இல், 72 ஆண்டுகள் கழித்து.

அடிமை ஒழிப்புப் போராளிகளிடையே இரண்டு வழிகள் இருந்தன. வில்லியம் லாயிட் கேரிசன், அரசமைப்பே அடிமைமுறையோடு செய்த ஒப்பந்தம் என்று சொல்லி, 1854 ஜூலை 4 அன்று அதன் பிரதியைப் பொதுமேடையில் எரித்தார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் வேறு வழியில் போனார். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில், உங்கள் ஜூலை நான்கு ஓர் அடிமைக்கு என்ன பொருள் தருகிறது என்று கேட்டு அவையை உலுக்கினார். அதே உரையில், சரியாகப் படித்தால் அரசமைப்பு விடுதலையின் ஆவணம் என்றும் வாதிட்டார். எரிப்பதா, எடுத்து வாதாடுவதா? பிற்காலத்தில் வென்ற இயக்கங்களில் பெரும்பாலானவை டக்ளஸின் வழியில் வந்தவை என்பது என் மதிப்பீடு.

1857-இல், விடுதலை கோரிய அடிமையான ட்ரெட் ஸ்காட்டின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் விடுதலை பெற்றவர்களாக இருந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது, பிரகடனத்தின் 'எல்லோரும்' அவர்களைக் குறிக்காது என்று தீர்ப்பளித்தது. அதற்கான பதில், அடிமைமுறையை ஒட்டி வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே வந்தது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் பேசியது ஏறத்தாழ 270 சொற்கள். 87 ஆண்டுகளுக்கு முன் இந்த நாடு பிறந்தது என்று தொடங்கினார். கழித்துப் பாருங்கள், 1776 வரும். அடிமைமுறையோடு சமரசம் செய்த 1787-ஐ விட்டுவிட்டு, சமத்துவம் பேசிய 1776-ஐ நாட்டின் பிறந்த ஆண்டாக அவர் நிறுத்தினார். போர் முடிந்தபின் மூன்று திருத்தங்கள் வந்தன. 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868-இல் 14-ஆவது திருத்தம் பிறப்பால் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் தந்தது. 1870-இல், இனம் காரணமாக வாக்குரிமை மறுக்கக் கூடாது என்றானது.

எழுத்தில் வந்தது நடைமுறையில் ஏன் வரவில்லை என்பதைத் தொடக்க வாசகர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தென் மாநிலங்கள் 'கறுப்பர் வாக்களிக்கக் கூடாது' என்று எழுதவே இல்லை. வாக்களிக்க வரி கட்டு என்றன. எழுத்தறிவுத் தேர்வு வைத்து, யார் தேறினார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை உள்ளூர் வெள்ளை அலுவலரிடம் கொடுத்தன. பின்னால் வன்முறை நின்றது. 1896-இல் உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைப்பதற்கு அனுமதி கொடுத்தது. 1954-இல் பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துப் பள்ளிகளில் அதைத் தள்ளினார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங், பிரகடனமும் அரசமைப்பும் ஒவ்வோர் அமெரிக்கருக்கும் எழுதிக்கொடுத்த கடன்பத்திரம், கறுப்பர்களுக்கு அது பணமில்லாத காசோலையாகத் திரும்பி வந்தது, அதை மாற்ற வந்திருக்கிறோம் என்று வாஷிங்டனில் பேசினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் குடிமை உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. 1964-இல் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பர்களில் 6.7 சதவீதம் பேரே பட்டியலில் இருந்தார்கள், 1967-இல் 59.8 சதவீதம். கூட்டரசு அலுவலர்களே நேரில் போய்ப் பதிவு செய்ததும், தேர்தல் விதியை மாற்றுமுன் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பல்லாக இருந்தன. எந்த மாநிலங்களுக்கு அந்த நிபந்தனை என்று சொல்லும் சூத்திரத்தை 2013-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

பூர்வகுடிகளின் கதை இந்த வரிசையில் அடங்காது. பெரும்பாலும் அவர்கள் கேட்டது உள்ளே சேர்த்துக்கொள்ளும்படி அல்ல. செய்துகொண்ட உடன்படிக்கையை மதிக்கும்படி. 1868-இல் கையெழுத்தான உடன்படிக்கை பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியைச் சூ மக்களுக்கு உறுதி செய்தது. தங்கம் கிடைத்ததும் அது பறிபோனது. 1980-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று ஒப்புக்கொண்டு, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதி செய்தது. வட்டியோடு அது நூறு கோடி டாலரைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. மண்ணைத்தான் கேட்டோம் என்று அவர்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை.

யார் அமெரிக்கர்? பகத் சிங் திண்ட் வழக்கு

1790-ஆம் ஆண்டுச் சட்டம், அடிமையல்லாத வெள்ளையர்களுக்கே குடியுரிமை என்றது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியர்கள் இரண்டுக்கும் நடுவே சிக்கினார்கள்.

பகத் சிங் திண்ட் பஞ்சாபில் பிறந்த சீக்கியர். 1913-இல் அமெரிக்கா போய், முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடே அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். ஓரெகன் மாநிலத்தில் ஒரு நீதிபதி அவருக்குக் குடியுரிமை வழங்க, அரசு மேல்முறையீடு செய்தது. இதற்கு முன் 1922 நவம்பரில், ஜப்பானியரான தகாவோ ஒசாவாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'வெள்ளையர்' என்றால் தோல் நிறம் அல்ல, காகேசிய இனத்தவர் என்று சொல்லி அவரைத் தள்ளியிருந்தது. திண்ட் அதையே பிடித்துக்கொண்டார். அக்கால மானுடவியல் வட இந்தியர்களைக் காகேசியர் என்று வகைப்படுத்துகிறதே என்றார். மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரி 19 அன்று, அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட் எழுதிய ஒருமித்த தீர்ப்பு வந்தது. அறிவியல் வகைப்பாடு முக்கியமில்லை, சாதாரண மனிதன் 'வெள்ளையர்' என்று யாரை நினைக்கிறானோ அதுவே பொருள் என்றது அது. ஒசாவாவுக்கு ஓர் அளவுகோல், திண்டுக்கு அதற்கு நேர் எதிரான அளவுகோல். முடிவு மட்டும் ஒன்று. ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர்கள் பலர் அந்த உரிமையை இழந்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கென 1935-இல் வந்த சட்டத்தால் திண்ட் கடைசியில் குடிமகனானார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பணிக்குச் சேர்ந்தபோது இந்தத் தீர்ப்பு அமலில் இருந்தது. 1946-இல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெறச் சட்டம் வழிவிட்டது. குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். சந்திரசேகர் 1953-இல் குடிமகனானார். 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபடுத்திய பழைய ஒதுக்கீட்டை ஒழித்தது. இன்று கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இருக்கும் தமிழ்ச் சமூகம் அந்தக் கையெழுத்தின் பிறகு வளர்ந்தது. இன்று ஐ.டி. வேலைக்குப் போனவர்கள் கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்கும் சமத்துவத்தின் பெயரில் வந்த ஒரு விதியே காரணம். வேலைவாய்ப்புப் பிரிவிலும் குடும்ப முன்னுரிமைப் பிரிவிலும் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது. நாடுகளைச் சமமாக நடத்தும் விதி, 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் பிறந்த தனிமனிதரை நீண்ட வரிசையில் நிறுத்துகிறது.

சுதந்திரம்: கொடியை வணங்க மறுக்கும் உரிமை

முதல் திருத்தம் ஐந்து சுதந்திரங்களைச் சொல்கிறது: மதம், பேச்சு, பத்திரிகை, அமைதியாகக் கூடுவது, குறைதீர்க்கக் கோரி அரசிடம் மனுச் செய்வது. எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக் கூடாது என்றும் சொல்கிறது. இவை 1791 முதல் முழுமையாக அமலில் இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். 1918-இல் ஒஹாயோவின் கேன்டனில் போரைக் கண்டித்துப் பேசியதற்காக சோஷலிசத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1920 அதிபர் தேர்தலில் சிறையிலிருந்தே போட்டியிட்டு ஒன்பது லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கினார். உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால் ஒழிய பேச்சைத் தண்டிக்கக் கூடாது என்ற இன்றைய அளவுகோல் 1969-இல்தான் வந்தது.

இந்த இலட்சியத்தை முழுதாகக் காட்டும் வழக்கு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், 1943-இன் பார்னெட் வழக்கைச் சொல்வேன். மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிப் பிள்ளைகள் தினமும் கொடிக்கு வணக்கம் செலுத்தி உறுதிமொழி சொல்ல வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினரின் பிள்ளைகள், கடவுளைத் தவிர எதையும் வணங்க மாட்டோம் என்று மறுத்ததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1940-இல் இதே போன்ற வழக்கில் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று பள்ளியின் பக்கம் நின்றது. அதைத் தொடர்ந்து நாட்டின் பல இடங்களில் அந்தப் பிரிவினர் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டில், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, கொடி நாளான ஜூன் 14 அன்று நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது, ஆறுக்கு மூன்று. அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ இதைத்தான் நம்ப வேண்டும் என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். போர் நேரத்தில் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்காக ஒரு நாட்டின் நீதிமன்றம் இப்படி எழுதியதை எத்தனை முறை படித்தாலும் மதிப்பு குறைவதில்லை.

அந்த உறுதிமொழி 1892-இல் எழுதப்பட்டது. 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954-இல், சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் நடந்தபோது சேர்ந்தன. 1956-இல் 'கடவுளை நம்புகிறோம்' என்பது தேசிய வாசகமானது. 1782 முத்திரையில் இருந்ததோ 'பலவற்றிலிருந்து ஒன்று' என்ற லத்தீன் வரி. தொன்றுதொட்டு வந்ததாகத் தோன்றும் பல சடங்குகள் இப்படி அண்மைக் காலத்தவை. அதிபரும் ராணுவத்தினரும் அரசமைப்பைக் காப்பதாக உறுதி எடுப்பது பழைய மரபு. எந்தத் தனிமனிதருக்கும் விசுவாசம் சொல்வதாக அந்த உறுதிமொழிகள் அமையவில்லை.

அமெரிக்கக் கனவு

உழைத்தால் எவரும் உயரலாம், பிள்ளைகள் பெற்றோரைவிட நன்றாக வாழ்வார்கள் என்ற நம்பிக்கை அரசமைப்பில் எங்கும் இல்லை. 'அமெரிக்கக் கனவு' என்ற தொடரைப் பரப்பியவர் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், 1931-இல், பெருமந்தம் எனப்படும் பொருளாதாரச் சரிவின் நடுவே. தனிமனித உழைப்பு என்று பேசினாலும், கனவுக்குப் பின்னால் அரசின் கை பலமாக இருந்திருக்கிறது. 1862-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. அதில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து வந்த நிலம். 1930-களிலிருந்து வீட்டுக் கடனுக்கு அரசு காப்புறுதி தந்ததால் நடுத்தரக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று குறித்து அந்தக் கடனை மறுத்தார்கள். வீடுதான் அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் முக்கியச் சேமிப்பு. அந்த ஒரு மறுப்பு தலைமுறைகள் தாண்டிச் சொத்து இடைவெளியாக நிற்கிறது.

டெல்லியில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் வருமானப் பதிவுகளைக் கொண்டு கனவை அளந்தார்கள். 1940-இல் பிறந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் அது ஏறத்தாழ பாதி. வளர்ச்சி குறைந்தது ஒரு காரணம். வந்த வளர்ச்சியின் பலன் மேல்தட்டிலேயே தங்கியது அதைவிடப் பெரிய காரணம் என்பது அவர்கள் கண்டது.

உலகத்துக்கு முன்மாதிரி என்ற எண்ணம்

1630-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைவர் ஜான் வின்த்ரோப், உலகின் கண்கள் பார்க்கும் மலைமேல் நகரமாக நாம் இருப்போம் என்றார். அவர் சொன்னது எச்சரிக்கையாக: தவறினால் எல்லோரும் பார்ப்பார்கள். பிற்காலத்தில் அது பெருமையாக மாறியது. 1845-இல் கண்டம் முழுவதும் பரவுவது நமக்கு விதிக்கப்பட்டது என்ற முழக்கம் எழுந்தது. அடுத்த ஆண்டே மெக்சிகோவோடு போர். அதே இலட்சியத்தை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தபோது தொடங்கியதே ஜெஃபர்சனின் வரியோடுதான்.

செய்தி படிக்கும்போது

தனியார் நிறுவனம் ஒருவரை அவர் பேச்சுக்காக வேலையை விட்டு நீக்கினால், பேச்சுரிமை பறிபோனது என்று செய்திகளில் எழுதுவார்கள். முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. நிறுவனத்துக்கு வேறு சட்டங்கள். பெரும்பான்மை ஓட்டு வாங்கியவரே அதிபர் என்பதும் தவறு. மாநிலங்களுக்குப் பங்கிட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270 தேவை. 2000-இலும் 2016-இலும் நாடு முழுவதும் குறைந்த வாக்கு வாங்கியவரே வென்றார்.

ஒரு தரப்பு இலட்சியத்தைக் காக்கிறது, மறுதரப்பு எதிர்க்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பெரும்பாலும் இரண்டு தரப்பும் ஒரே வரியைத்தான் மேற்கோள் காட்டும். 2023 ஜூனில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்த வழக்கு அதற்கு நல்ல உதாரணம். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 14-ஆவது திருத்தமும் பிரவுன் தீர்ப்பும் அரசு இனத்தையே பார்க்கக் கூடாது என்கின்றன என்று எழுதினார். எதிர்த்து எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், அதே திருத்தத்தையும் அதே பிரவுன் தீர்ப்பையும் எடுத்து, விலக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவருவதே அவற்றின் நோக்கம் என்றார். இரண்டு தீர்ப்புரைகளும் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.